தொண்டையில் நின்ற ரொட்டி

பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

முதலில் ஒரு விக்கல் போல. பிறகு அடித்தொண்டையிலிருந்து எதையோ கயிறு கட்டி மேலே இழுப்பது போல நீண்ட கரகரப்பு. கடைசியில் தகரப் பேசினில் கொழகொழவென்று ஏதோ விழுந்தது. அதன் பின்னால் நூல் நூலாக எச்சில் சொட்டியது.

முன்னறைக் கம்பளத்தில் கால் மடக்கி உட்கார்ந்திருந்த பீபிசோனாவின் கை, டீக் கிண்ணத்தோடு பாதி வழியில் நின்றது.

"என்னடி அது?"

"பூனை" என்றாள் நபாத். "காலையில எலியைத் தின்னுட்டு வந்துச்சு. ஒத்துக்கல போல."

"அல்லான்னு முனகுதே, உங்க வீட்டுப் பூனை?"

நபாத் சிரித்து வைத்தாள். உதடுதான் சிரித்தது. கதவிடுக்கு வழியாக வந்த அந்தப் புளித்த நாற்றம், பழைய தயிரும் கரியும் கலந்த நாற்றம், விருந்தாளியின் மூக்குக்கும் எட்டியிருக்குமே என்று அவள் உடம்பு கூசியது. நாலு மாதமாக அந்த நாற்றம் அவள் தலைமுக்காட்டில் இருக்கிறது, தலையணையில் இருக்கிறது, அவள் பிசைகிற மாவில்கூட இருக்கிறது.

உள்ளே கிடப்பது அவள் கணவன் அராஸ். பனிக்காலத் தொடக்கத்தில் அவனுக்கு ரொட்டி இறங்கவில்லை. பிறகு சோறு இறங்கவில்லை. பிறகு தயிர். இப்போது டீகூட நாலு மடக்குக்கு ஒரு மடக்குதான் உள்ளே போகிறது. கொன்பத் நகரத்துக்கு வடக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் துருக்மேன் கிராமத்தில் அந்த நோய்க்கு யாரும் பெயர் சொல்வதில்லை. 'அது' என்பார்கள். மிஞ்சிப் போனால் தொண்டையைத் தொட்டுக் காட்டுவார்கள். தொட்டுக் காட்டியவர்கள் உடனே வாசல் பக்கம் திரும்பித் துப்புவார்கள்.

பீபிசோனா வந்திருப்பது பெண் கேட்டு. நபாத்தின் மகள் ஜெரேனைத் தன் மகன் மெரெத்துக்குக் கேட்கிறாள். மூன்று முறை உறவுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இன்று கடைசி வார்த்தை கேட்கத் தனியாக வந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவே அவள் கொண்டுவந்த மூட்டை இருந்தது. சிவப்புத் துணியில் முடிந்த ஐந்து பால் ரொட்டிகள், மேலே ஒரு கை மிட்டாய். முடிச்சை அவிழ்த்து ரொட்டியை எடுத்துக்கொண்டால் பெண் கொடுத்தாயிற்று. முடிச்சு அவிழாமல் மூட்டை திரும்பினால் பேச்சு முடிந்தது.

அந்த முடிச்சை அவிழ்க்க நபாத்தின் விரல்கள் துடித்தன. ஜெரேனுக்கு இருபது வயது. மெரெத்தின் பெயரைச் சொன்னால் போதும், அவள் காது மடல் சிவந்துவிடும். அறுவடை இயந்திரம் பழுது பார்க்கிறவன், கை சுத்தம், வாய் சுத்தம். இதைவிட நல்ல இடம் அமையாது. உள்ளே கிடப்பது என்ன நோய் என்று தெரிந்துவிட்டால் இந்த இடமும் அமையாது. கெட்ட ரத்தம் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும், அந்த வீட்டு வாசலை எந்த மூட்டையும் மிதிக்காது.

இன்னொன்றும் இருந்தது. அது நபாத்தின் பாவாடைப் பையில் நாலாக மடித்த ஒரு சீட்டு. சனிக்கிழமை காலை ஏழு மணி, சுகாதார நிலைய வாசலில் பஸ். கொன்பத் ஆஸ்பத்திரியில் விளக்கு வைத்த குழாயை வாய் வழியாக விட்டுப் பார்ப்பார்கள். சீட்டில் எழுதியிருந்த பெயர் அராஸ் அல்ல. ஒகுல்நபாத்.

*

அவள் முழுப் பெயர் அதுதான். ஒகுல் என்றால் மகன். மகன் வேண்டுமென்று காத்திருந்த வீட்டில் மூன்றாவதாகவும் பெண் பிறந்தால், அடுத்ததாவது ஆணாகட்டும் என்று அப்படிப் பெயர் வைப்பார்கள். வீட்டில் கூப்பிட்டது நபாத். டீயோடு கடிக்கிற கற்கண்டு.

கற்கண்டு பெயரோடு பிறந்தவளின் பிள்ளைப் பருவத்தில் இனிப்பாக இருந்தது எதுவுமில்லை. மழைநீர்த் தொட்டியில் குடிநீர். மேலே பச்சைத் தோல் படர்ந்திருக்கும். அதை விலக்கி, முக்காட்டுத் துணியில் வடிகட்டி, துணியில் நெளிகிற புழுக்களை உதறிவிட்டு, டீ கொதிக்கிற சமோவாரில் ஊற்றுவாள் அம்மா. இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரைக்கும் ரொட்டி, டீ, மறுபடி ரொட்டி, மறுபடி டீ. பச்சையாக ஒரு காயைக் கண்ணால் பார்ப்பதே திருவிழா.

ஏழு வயதில் அவளுக்கு ஒரு வேலை வந்தது. அப்பாவின் அபின் குழாயைச் சுரண்டுவது. எரிந்து முடிந்த அபின் குழாயின் உட்சுவரில் தாராக ஒட்டியிருக்கும். கம்பியை விட்டுச் சுரண்டினால் கறுப்பாக, ஒட்டும் பிசினாக வரும். நகக்கண்ணில் புகுந்துகொண்டால் மூன்று நாள் போகாது. அதை அப்பா வீணாக்கமாட்டார். உள்ளங்கையில் போட்டு, எச்சில் தொட்டு, பட்டாணியளவு உருட்டி, வாயில் எறிந்து, கொதிக்கிற டீயால் விழுங்குவார். விழுங்கிவிட்டு, கறுத்த பல்லைக் காட்டிச் சிரிப்பார். அந்த வாயிலிருந்து வந்த மூச்சு, எரிந்த மயிர் மாதிரி. அந்த வாயால் அவர் அவள் நெற்றியில் முத்தமிடுவார். முகம் துடைக்கக்கூடாது, அடி விழும்.

அம்மா அதே கசடைத்தான் தம்பிகளின் நாக்கில் தடவினாள். தறியில் உட்கார வேண்டும், பிள்ளை அழக்கூடாது. சுண்டுவிரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து, பால் மணக்கிற அந்த ரோஜா நாக்கில் ஒரு கறுப்புக் கோடு. பிள்ளை தூங்கிவிடும். இரண்டு தம்பிகள் தூங்கி எழுந்தார்கள். மூன்றாவது தம்பி எழுந்திருக்கவேயில்லை. கண்ணேறு என்றார்கள். அன்று அந்தக் குழாயைச் சுரண்டியவள் நபாத்தான். அவளுக்கு ஒன்பது வயது. அன்று தொட்டியடியில் போய்க் கைகளை மணலால் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வரவைத்தாள்.

அப்பா அவளுடைய பதினேழாம் வயதில் போனார். தொண்டை. அம்மா எட்டு வருடம் கழித்து. தொண்டை. இடையில் நபாத்தை அத்தை மகன் அராஸுக்குக் கட்டி வைத்தார்கள். வெளியார் ரத்தம் கலக்கக்கூடாது, நம்முடையது சுத்த எலும்பு என்று பெருமை வேறு. அத்தை முதல் நாளே சமோவாரின் ஆவி அடங்குமுன் ஒரு கிண்ணத்தை நீட்டினாள். நபாத் கண் இமைக்காமல் குடித்தாள். மேல்வாய்த் தோல் உரிந்து நாக்கில் சுருண்டது. அந்தத் தோலையும் சேர்த்து விழுங்கினாள். "இரும்புத் தொண்டை! எங்க வீட்டுக்கு ஏத்த மருமக!" என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள். அந்த அத்தையும் தொண்டையில்தான் போனாள். பிறகு இருபது வருடம் இந்த வீட்டில் டீ ஊற்றியது நபாத். அவள் ஊற்றினால் உதடு வேகும் என்று விருந்தாளிகள் மெச்சுவார்கள். டீ ஆறியிருந்தால் அந்த ஊரில் ஒரே அர்த்தம், கிளம்பு என்பது.

போன வாரம் சுகாதார நிலையத்துப் பெண் ஐலார் வந்து, கிண்ணத்தில் சூடு பார்க்கிற ஒரு கண்ணாடிக் கோலை விட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இது டீயா, ரோடு போடுற தாரா? எழுபத்தஞ்சு டிகிரி காட்டுது!"

"எங்க வீட்டுல இதுவே ஆறினது."

ஐலார் தாளை விரித்துக் கேள்வி கேட்டாள். அப்பா? தொண்டை. அம்மா? தொண்டை. மாமியார்? தொண்டை. வீட்டுக்காரர் என்ன உறவு? அத்தை மகன். அவர் எங்கே? நபாத் பின்னறைக் கதவைப் பார்த்தாள். ஐலாரின் பேனா நின்றுவிட்டது.

"ரத்தத்துல வந்ததை நம்மால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. ஆனா இந்தக் கொதிக்கிற டீ, அந்தக் கறுப்புச் சனியன், பச்சைக்காயே இல்லாத சாப்பாடு, இதெல்லாம் நாமளா ஊத்திக்கிறதுதானே? ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்தாத்தான் ஆளையே சாய்க்குது. உங்களுக்கு முழுங்கும்போது எதாவது மாட்டுதா?"

"இல்ல" என்றாள் நபாத். ஐலார் தாளை மடிக்கும்போது நபாத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாட்டுது. இங்க. நெஞ்செலும்புக்குப் பின்னாடி. ஒரு மாசமா. ரொட்டி நிக்குது, தண்ணி ஊத்தித் தள்றேன்."

பஸ் ஊர் நடுவே நிற்கும். ஏறுகிறவர்களை ஊரே பார்க்கும். ஏறினால் மகள் கல்யாணம் போகும். ஏறாவிட்டால், பின்னறையில் இன்னொரு பேசின்.

*

மறுபடி சத்தம். இந்த முறை பெயர் சொல்லியே கூப்பிட்டது.

"நபா... த்!"

"பூனை கூப்பிடுதுடி, போ" என்றாள் பீபிசோனா, கண்ணைக் கிண்ணத்திலேயே வைத்துக்கொண்டு.

பின்னறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. அராஸ் சுவரில் சாய்ந்திருந்தான். தோள் எலும்பில் சட்டை தொங்கியது. பேசினில் டீ நிறத்தில் நுரை, நுரைக்கு நடுவே காலையில் ஊறவைத்துக் கொடுத்த ரொட்டி, கொடுத்தபடியே. ஒரு பல் தடம்கூட மாறவில்லை. மூன்று மணி நேரம் அவன் தொண்டையில் நின்று திரும்பியிருக்கிறது. ஓரத்தில் ஈ ஒன்று கால் ஒட்டிக்கொண்டு தத்தளித்தது. நபாத் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினைத் தூக்கினாள். விளிம்பிலிருந்து பிசுபிசுவென்று அவள் கட்டைவிரலில் வழிந்தது.

"டீ குடு. சுடச்சுட. இது ஆறினது, அதான் இறங்கல."

"அது புண்ணுங்க. புண்ணு மேல கொதிக்க ஊத்துறோம்."

"உனக்கு என்னடி தெரியும்? சூடுதான் முடிச்சை இளக்கும். அபின் உருண்டை ஒண்ணு யார்கிட்டயாவது வாங்கிக் குடு. எங்கப்பனுக்கு அதான் ஆறு மாசம் கூடக் குடுத்துச்சு." பேசிய களைப்பில் அவன் கண்ணை மூடினான். பிறகு, பிள்ளை மாதிரி, "பீபிசோனா என்ன சொன்னா? முடிச்சை அவிழ்த்துட்டியா?" என்றான்.

அந்தக் கேள்வியில் அவள் கண் நிறைந்தது. முப்பது ஆடுகளைத் தனியாக மேய்த்த ஆண்மகன், எச்சில் வழியும் தாடியோடு, மகள் கல்யாணத்துக்காக வாந்தியை அடக்கிப் பார்த்துத் தோற்றிருக்கிறான். அழுகையும் குமட்டலும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து, அந்த இடத்தில், நெஞ்செலும்புக்குப் பின்னால், மாட்டிக்கொண்டன.

"அவிழ்க்கத்தான் போறேன். நீங்க கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்குங்க."

பேசினைப் புறக்கடையில் கவிழ்த்து, கை கழுவி, மறுபடி கழுவி, அவள் முன்னறைக்கு வந்தாள்.

பீபிசோனா குரலைத் தாழ்த்தினாள்.

"உக்காரு. நாடகம் போதும். உள்ள இருக்கிறது என்னன்னு எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்."

நபாத் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன். உன் பொண்ணு நல்லவ, என் பையன் சாப்பாடு இறங்காம கிடக்கிறான், காதல்ல. இவனுக்காவது காதல்." தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கினாள். "ஆனா ஊருக்குத் தெரியக்கூடாது. யார் கேட்டாலும் வயித்துப்புண்ணுன்னு சொல்லு. எங்க வீட்டுக்காரர் இதுல போனப்போ நான் வாயுன்னுதான் சொன்னேன். எங்கக்காவுக்கு நெஞ்சுவலின்னு சொன்னோம்."

"உங்கக்காவைக் குளிப்பாட்டுனவ நான்தானே அக்கா" என்றாள் நபாத் மெல்ல. "ஒரு கையில தூக்குனேன். காஞ்ச நாணல் மாதிரி இருந்தாங்க."

"இருக்கட்டும். பொணத்துக்கு வாயா இருக்கு, வெளிய சொல்ல?" பீபிசோனா அருகே நகர்ந்தாள். "இன்னொண்ணு. சனிக்கிழமை பஸ்ஸுல உன் பேர் இருக்காம். ஏறாதே."

"அக்கா..."

"இலையுதிர் காலத்துல கல்யாணம். அஞ்சாறு மாசம். அப்புறம் குழாய் என்ன, ரயிலையே வாயில விட்டுக்கோ, யாரு கேக்கப்போறா? இப்போ அம்மாவும் அந்த பஸ்ல, அப்பாவும் பேசின்லன்னா, எங்க சொந்தக்காரங்க என் மூஞ்சில துப்புவாங்க. சத்தியம் பண்ணு. முடிச்சை அவிழ்."

நபாத் மூட்டையைப் பார்த்தாள். அஞ்சாறு மாதம். ரொட்டியிலிருந்து டீ வரைக்கும் அராஸ் எடுத்துக்கொண்டது நாலே மாதம். இருந்தாலும் அவள் கை முடிச்சுக்குப் போயிற்று. எந்தத் தாயின் கைதான் போகாது? தன் தொண்டை தன்னோடு போகட்டும், மகள் வாழட்டும். விரல் நுனி சிவப்புத் துணியைத் தொட்டது.

அப்போது ஜெரேன் இரண்டாவது டீயோடு உள்ளே வந்தாள். தலை குனிந்து கிண்ணத்தை வைத்தாள். பீபிசோனா ஒரு மடக்குக் குடித்ததும் முகம் கோணியது.

"ஆறிப்போச்சே! என்னடி, கிளம்பச் சொல்றியா?"

"ஐயோ, இல்ல அத்தை! ஊத்திட்டு அஞ்சு நிமிஷம் வச்சிருந்தேன். சுடச்சுடக் குடிச்சா தொண்டைக்கு ஆகாதுன்னு ஐலார் அக்கா சொன்னாங்க."

"ஐலாருக்குப் பல்லு முளைச்சது நேத்து. போ, கொதிக்கவச்சுக் கொண்டா. இந்த ஆறின தண்ணியில என் மருந்து கரையாது."

ஜெரேன் நிலைப்படி வரைக்கும் போய் நின்றாள். பீபிசோனா மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தபோதே நபாத்துக்கு மூக்கில் ஏறிவிட்டது. எரிந்த மயிர். இத்தனை வருடம் கழித்து அதே மணம், அதே கறுப்பு, அதே பிசுபிசுப்பு. பீபிசோனா ஒரு பட்டாணி கிள்ளி, எச்சில் தொட்டு உருட்டி, வாயில் போட்டு, ஆறிய டீயாலேயே விழுங்கினாள். ஒட்டியதை விரல் விரலாகச் சப்பினாள். சுண்டுவிரலைக் கடைசியாகச் சப்பும்போது ச்சப் என்று சத்தம் வந்தது.

"முட்டிவலிக்கு இதுதான். இந்தா, உன் வீட்டுக்காரனுக்கு ரெண்டு. உனக்கும் ஒண்ணு, முழுங்க மாட்டுதுன்னா இளக்கும். மிச்சத்தை நான் பத்திரமா வச்சிருக்கேன்." பின்னால் நின்ற ஜெரேனைப் பார்த்து, கறுத்த ஈறு தெரியச் சிரித்தாள். "பேரன் பொறந்தா நாக்குல ஒரு பொட்டு வைக்கணுமே! மெரெத்தை அப்படித்தான் வளர்த்தேன். ஒரு பொட்டு, ஆட்டுக்குட்டி மாதிரித் தூங்குவான்."

நபாத்தின் கண் முன்னால் அறை இல்லை. ஒரு ரோஜா நாக்கு இருந்தது. அதன்மேல் ஒரு கறுப்புக் கோடு. எழுந்திருக்காத ஒரு சின்ன உடம்பு. இந்த எச்சில் விரல், சப்பி முடித்த இந்தச் சுண்டுவிரல், ஜெரேன் பெறப்போகும் பிள்ளையின் வாய்க்குள் போகும். தன் ரத்தம் ஏற்கெனவே அந்தப் பிள்ளைக்கு ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கிறது. மேலே இதையும் தடவுவார்கள். தடவிவிட்டு வாயு என்பார்கள், நெஞ்சுவலி என்பார்கள்.

வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அருவருப்பாக இருந்தது அந்தப் பொட்டலம் மட்டுமல்ல. பூனை என்று சொன்ன தன் வாயும் அருவருப்பாக இருந்தது.

அவள் கையை முடிச்சிலிருந்து எடுத்தாள். மூட்டையை இரண்டு கையாலும் தூக்கி, பீபிசோனாவின் மடியில் வைத்தாள். முடிச்சு அப்படியே இருந்தது.

"நபாத்! பைத்தியமா உனக்கு?"

"அது பூனை இல்ல அக்கா." அவள் குரல் உயர்ந்தது. வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டிக் கேட்கட்டும் என்று உயர்ந்தது. "என் புருஷன். தொண்டையில புத்து. எங்கப்பா, எங்கம்மா, எங்கத்தை, உங்க வீட்டுக்காரர், உங்கக்கா, எல்லாரும் அதுலதான் போனாங்க. நான் கையால சுரண்டிக் குடுத்தேன், கையால கொதிக்க ஊத்துனேன். இதோ எனக்கும் மாட்டுது. சனிக்கிழமை நான் பஸ்ல ஏறுவேன். ஊரே நின்னு பார்க்கட்டும்."

"உன் பொண்ணு வீட்டோட கிடப்பா!"

"கிடக்கட்டும். பேசின் தூக்காம கிடப்பா."

ஜெரேன் விம்மினாள். நபாத் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உடைந்துவிடுவாள் என்று தெரியும். பின்னறையில் அராஸ் இருமினான். இந்த முறை யாரும் அதை மறைக்கவில்லை.

பீபிசோனா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பொட்டலத்தை மடியில் செருகினாள். "எங்க வீட்டுக்குக் கெட்ட ரத்தம் வேண்டாம்" என்றாள்.

"உங்க ரத்தமும் இதேதான் அக்கா. மெரெத்துகிட்ட ஒண்ணு சொல்லுங்க." நபாத்தின் குரல் தணிந்திருந்தது. "என் பொண்ணு வேணும்னா மூட்டை வேண்டாம். சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்து, அந்த பஸ்ல என் பக்கத்துல உக்காரட்டும். ஊர் பார்க்க உக்காரட்டும். அவன் அப்பா எதுல செத்தார்னு என்கிட்ட வாய் திறந்து சொல்லட்டும். அந்தக் கறுப்பு என் பேரப்பிள்ளை நாக்கைத் தொடாதுன்னு சத்தியம் பண்ணட்டும். அன்னிக்கே பொண்ணு குடுக்கிறேன்."

"என் பையன் வருவான்னு நினைக்கிறியா?"

"தெரியல. நான் போவேன். அது தெரியும்."

பீபிசோனா நிலைப்படியில் செருப்பைத் தேடினாள். குனிந்தபோது முழங்கால் வலித்து முனகினாள். நபாத் பழக்க தோஷத்தில் கை நீட்டினாள், அவள் தட்டிவிட்டாள். பிறகு, என்ன நினைத்தாளோ, எழுந்து நின்று பின்னறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். வாயில் ஊறியதைத் துப்பவில்லை. விழுங்கினாள். விழுங்கும்போது அவள் கை தானாகத் தொண்டைக்குப் போனதையும், ஒரு நொடி அங்கேயே நின்றதையும் நபாத் பார்த்தாள்.

சிவப்பு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். கம்பளத்தின் மேல் அவள் கிண்ணம் இருந்தது, ஆறிய டீயோடு, ஓரத்தில் ஒரு கறுப்பு விரல் தடத்தோடு. நபாத் அதை முக்காட்டு முனையால் பிடித்துத் தூக்கினாள், கை படாமல்.

ஜெரேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வயல் ஓரமாகப் போகும் சிவப்புத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.